கிணற்றுச் சுவரும் ஆய்வுத் தலைப்பும்

இறையியல் மாணவர்கள் பட்டத்திற்கென எழுதும் ஆய்வேடுகளில் பெரும்பாலும் குறைபடுவது உழைப்பு அன்று, தலைப்பே. “கொல்லிமலையில் கிறிஸ்தவத் திருப்பணி – ஓர் ஆய்வு” என்பது போன்ற ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். இதில் இடம் உண்டு, பொருள் உண்டு, வினா இல்லை. வினா இல்லாதவிடத்துச் செய்திகளைத் தொகுக்கலாமே ஒழிய, ஆய்தல் இயலாது.

இத்தகைய ஏடு எவ்வாறு அமையும் என்பதை எழுதும் முன்னரே கூறிவிடலாம். முதல் இயலில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் அறப்பளீசுவரர் கோயிலும் வருவர். அடுத்த இயலில், ஜெசி பிராண்டும் எவெலினும் 1913இல் மணம் புரிந்து மலையில் குடியேறுவர். 1929 ஜூன் 15 அன்று ஜெசி கருநீர்க் காய்ச்சலால் மறைவார். பின்னர் முதுமையில் எவெலின் தனியே மலைக்குத் திரும்பி, 1974இல் காலமாகி, கணவரருகே அடக்கம் செய்யப்படுவார். இறுதியில் ஒரு புகழுரை. யாவும் உண்மையே. ஆயினும் ஓரியின் வில்லுக்கும் மலைத் திருச்சபைக்கும் என்ன தொடர்பு என்று வினவினால் ஏட்டில் விடை இராது.

இதற்கு ஆதாரமாக அமைவது பெரும்பாலும் ஒரே நூல்தான். அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் எவெலின் அம்மையாரைப் பற்றி 1976இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அது. ஒருவரின் வாழ்வை வரைய முற்பட்ட நூலில் அவரே நடுவில் நிற்பார். அதனைக் குறையெனக் கூறோம். ஆனால் அதனைக் கொல்லிமலைத் திருச்சபையின் வரலாறாக ஏற்கும்போது, அம்மலையின் மலையாளி மக்கள் தங்கள் சொந்த வரலாற்றிலேயே பின்னணி ஆகிவிடுகின்றனர். முதல் உலகப் போரின் முடிவில் பரவிய விஷக் காய்ச்சலில், அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி சாகுந்தறுவாயில் தம் மக்களைப் பிராண்ட் இணையரிடம் ஒப்படைத்த நிகழ்ச்சி பலமுறை கூறப்பட்டுள்ளது. அப்பூசாரியின் சுற்றத்தார் அதனை எவ்வாறு கண்டனர் என்று கேட்பவர் அரியர். ஆய்வு தொடங்கவேண்டிய இடம் அதுவே என்று கருதுகிறோம்.

குறுகிய தலைப்பொன்றைச் சான்றாகக் காட்டுவோம். அக்காலத்து மலைமக்களை வருத்திய நோய்களில் நரம்புச் சிலந்தி ஒன்று. கிருமியைத் தாங்கிய நுண்ணிய நீர்த்தெள்ளு குடிநீருடன் உட்செல்லும். ஏறக்குறைய ஓராண்டில் நீண்ட புழு காலின் தோலைப் பிளந்து வெளிப்படும். நோயாளி படிக்கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் மீண்டும் நீரில் கலக்கும். ஜெசி புழுக்களை வெளியே எடுத்ததோடு, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவும் மக்களைத் தூண்டியமை குடும்பத்தாரின் நினைவுரைகளில் இடம்பெற்றுள்ளது. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடென அறிவித்தது.

இனி வினாக்கள் தாமே எழுகின்றன. அக்கிணறு யாருடையது? சுவர் எழுப்ப இசைந்தவர் ஊர்ப் பெரியோரா, புதிதாய் விசுவாசித்தோரா? நீரின் தூய்மையை அவர்கள் இரட்சிப்போடு இணைத்துப் பேசினரா, அன்றி இரண்டையும் வேறாகவே வைத்தனரா? “கொல்லிமலையில் நோய்நீக்கமும் நற்செய்தியும், 1913–1929: ஒரு கிணற்றை முன்னிட்டு” என்ற தலைப்பு இவ்வளவையும் தாங்கும். சமாரியப் பெண்ணின் கிணற்றைப் பற்றிப் பிரசங்கிக்கும் நமக்கு இது அயலான பொருளும் அன்று.

இது சிறு பொருள் அன்றோ என்று சிலர் தயங்கலாம். ஒரு மாணவர் சில மாதங்களில் நேர்மையாக ஆராயக்கூடியது சிறு பொருளே. தக்க சான்று கிடைக்குமா, மக்களின் பேச்சு தமக்கு விளங்குமா, எதிர்பார்த்ததற்கு மாறான விடை வந்தால் ஏற்க மனம் உண்டா என்னும் மூன்றையும் அவர் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதற்கு “இல்லை” என்பவர் சாட்சியுரை எழுதலாம், ஆய்வேடு வேண்டா.

காலமும் காத்திராது. ஜெசியின் நாட்களைக் கண்டவர் இன்று இலர். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களே உளர். எவெலின் அம்மையாரைச் சிறுவயதில் கண்டவர்களும் அறுபதைத் தொட்டும் கடந்தும் நிற்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ளது அச்சேறவில்லை. நூலகத்தில் உள்ளதை மீண்டும் எழுத அனுமதிக்கும் ஆசிரியரும் இவ்விழப்பிற்குப் பொறுப்பாளரே. ஆகவே தலைப்பை ஏற்குமுன், “இதில் உமது வினா யாது?” என்று மாணவரைக் கேட்போம், அது ஒரே வாக்கியத்தில் அமையும்வரை கையொப்பமிடாதிருப்போம்.