‘நாங்க’வுக்கு வெளியே

கீழத்தஞ்சையில் ‘டா’ போடும் உரிமை ஒரு தரப்புக்கு மட்டுமே இருந்தது. மிராசுதார் வீட்டுப் பொடியன் நரைத்த பண்ணையாளை ‘வாடா’ என்பான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சின்னய்யா’ என்பார். இது தெரிந்தால்தான் கவிஞர் இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாட்டில் அந்த ஓரெழுத்து பார்க்கும் வேலை பிடிபடும்.

அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்டதற்குப் பதிலாக, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமய்யாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தத் தீயோடு சேர்த்தே நினைக்கப்படும் பாட்டு இது. கே.ஏ.குணசேகரனின் குரலில் ஊர் ஊராகப் போனது. இன்று அந்தக் குரலுக்கு யார் யாரோ படம் சேர்த்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

குணசேகரன் அழுவதில்லை. ஒப்பாரிக்குச் சரியக்கூடிய இடங்களில்கூடத் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறார். ‘டா’வில் குரல் இறங்காமல் நின்று, எதிராளியின் முகத்தைப் பார்க்கிறது. எதிராளி யார் என்பதுதான் விஷயம். தமிழில் ‘நாம’ என்றால் கேட்பவனும் உள்ளே. ‘நாங்க’ என்றால் அவன் வெளியே. பாட்டு ‘நாங்க’ என்கிறது. எரிந்தவர்களோடு சேர்ந்து அழலாம் என்று உட்கார்ந்த என்னை, அது எதிர்த் திண்ணைக்கு அனுப்பி ‘டா’ போட்டது. எங்கள் வீட்டிலும் இரண்டு வேலி நிலம் இருந்தது.

படம் சேர்ப்பவர்களில் பலர் கெடுப்பது இங்கேதான். மெதுவாக நகரும் காட்சி, குழந்தையின் கண்ணுக்கு நெருக்கம், பின்னால் அழும் வயலின். ‘நாங்க’ சத்தமில்லாமல் ‘நாம’ ஆகிவிடுகிறது. இரண்டு சொட்டுக் கண்ணீர் கொடுத்தவனுக்கெல்லாம் உள்ளே இடம். பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ (2005) ஆவணப்படம்தான், பாட்டு இல்லை. ஆனாலும் தப்பிப் பிழைத்தவர்கள் தங்கள் வாயால் சொல்லும் இடங்களில் இந்த ஏமாற்று நடப்பதில்லை.

2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டு வேறு வழியில் போகிறது. பண்ணையில் குனிந்து சொன்ன ‘சாமி’யைப் பாடகர் அறிவு எடுத்து, தன் முன்னோர் பக்கம் திருப்பிவிட்டார். காட்சியில் அவருடைய பாட்டி ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு படத்துக்காகவே நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் கூடப் பாடும் பாடகி தீயின் குரல் அழைக்கும்போது யாருக்கும் கூச்சமில்லை. ‘சாமி’ என்று கூப்பிடப்பட்ட தாத்தாக்களின் பேரன்களும் கல்யாண மண்டபத்தில் அதற்கு ஆடுகிறார்கள். அழைப்பின் இனிமை அது. எனக்குக் கொஞ்சம் மலிவாகவும் படுகிறது.

மன்னார்குடியில் பெரியப்பாவுக்கு ‘மனுசங்கடா’வைப் போட்டுக் காட்டினேன்.

“யாரை ‘டா’ங்கறான்?”

“நம்மளத்தான் பெரியப்பா.”

சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். வாசலில் ஆட்கள் நின்றார்கள்.