துலக்கினால் போய்விடும் துத்தநாகம்: வீட்டுக் குளத்தோடு ஓராண்டு

கோடை விடுமுறைக்கு அரக்கோணம் லோக்கலில் வந்து இறங்கும் அக்கா பிள்ளைகளுக்கு நான் காட்ட நினைத்தது பம்பு செட்டுக் குளியல்தான். மணவூரில் நான் வளர்ந்தபோது, வாய்க்கால் தலைப்பில் சிமெண்டுத் தொட்டி இல்லாத கிணறு அரிது. இன்று கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டார் நேராகச் சொட்டுநீர்க் குழாய்க்குத் தண்ணீரைத் தள்ளுகிறது. தொட்டிக்கு அங்கே வேலை இல்லை. திருத்தணி வட்டாரத்தின் வெயிலோ குறையவில்லை. கத்திரி தொடங்கும் முன்பே தமிழ்நாட்டில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி வந்துவிடும்.

அப்படித்தான் போன ஆண்டு கொல்லையில் ஒரு ஜி.ஐ. தகட்டுத் தொட்டி வைத்தேன். அமெரிக்காவின் டெக்சாஸ் பக்கம் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் வட்டத் தகட்டுத் தொட்டியை வீட்டுக் குளமாக்கிக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. அதே வடிவம்தான் இது. எட்டடி விட்டம், இரண்டடி உயரம். ஒன்றே முக்கால் அடிக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறத்தாழ 2,500 லிட்டர். பட்டறையில் சொல்லிச் செய்தது. ஓராண்டு வைத்துப் பார்த்ததில் தொட்டி, வடிகட்டி பம்ப், சோதனைக் கருவிகள் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் தொட்டியைக் கெடுத்தது அழுக்கு இல்லை, நாங்கள் சுத்தம் செய்த விதம். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

தொட்டி வந்த மூன்றாம் வாரம் அம்மா சொன்னார்: "என்னப்பா, புதுசிலே வெள்ளி மாதிரி இருந்துச்சு, இப்படி மங்கிப்போச்சே." அவர் கையில் பாத்திரம் துலக்கும் கம்பி நார் இருந்தது. நான் வெளியே போயிருந்த ஒரு மதியத்தில், நீர்மட்டத்துக்கு மேலே கால் வட்டத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார். எவர்சில்வர் குடத்துக்கு அது சரி. ஜி.ஐ. தகட்டுக்கு அந்த மங்கல்தான் கவசம். இரும்பின்மேல் இருக்கும் துத்தநாகம் காற்றோடும் நீரோடும் சேர்ந்து மெல்லிய கார்பனேட் படலமாக மாறி, தனக்குக் கீழே உள்ள துத்தநாகத்தைக் காக்கிறது. அதைச் சுரண்டினால் புதிய துத்தநாகம் செலவாகி மறுபடி படலம் போட வேண்டும். செலவழிக்க அதிகமும் இல்லை. 275 கிராம் தரம் என்று விற்கும் தகட்டில், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் 275 கிராம் துத்தநாகம். ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. 120 கிராம் தகட்டில் அதில் பாதிகூடக் கிடையாது. தொட்டி செய்யச் சொல்பவர்கள் தகட்டின் கேஜை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பூச்சு எத்தனை கிராம் என்றும் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: மூட்டு வெல்டிங்கா, மடிப்பு போட்டு ரிவெட் அடித்ததா? வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து புகையாகப் போய்விடும். என் தொட்டியில் முதல் துரு வந்தது அடித்தளத்து வெல்டிங் கோட்டில்தான். துத்தநாகத் தூள் கலந்த பெயிண்டை இரண்டு கோட் அடித்தபின் அது பரவவில்லை.

எங்கள் ஊர்க் கடினநீரை நான் திட்டாத நாள் இல்லை. கீஸரில் உப்புப் படிகிறது, பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. இந்தத் தொட்டி விஷயத்தில் மட்டும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கடினநீரின் சுண்ணாம்பு துத்தநாகத்தின்மேல் மெல்லப் படிந்து இரண்டாவது கவசமாகிறது. எனவே புதுத் தொட்டியை நிரப்பியதும் முதல் சில வாரங்களுக்கு எந்த மருந்தையும் அளவுக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது. அந்தப் பொறுமை எனக்கு அப்போது இல்லை.

மருந்து என்றால் எங்கள் பக்கம் பிளீச்சிங் பவுடர். ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்குப் போடுவதும் அதுதான், கிடைப்பதும் எளிது. முதல் மாதம் கைப்பிடி அள்ளித் தண்ணீரில் நேராகத் தூவினேன். கரையாத துகள் அடியில் போய்ப் படுத்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கறுத்தது. அந்தக் கறை இன்றும் போகவில்லை. சரியான முறை வேறு. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்புச் சேறு தொட்டிக்குள் போகக் கூடாது.

அளவும் நாம் நினைப்பதைவிடச் சிறியது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால், 2,500 லிட்டருக்கு 5 கிராம் குளோரின். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் 15 கிராம் பவுடர் போதும். பிரித்து வைத்த மூட்டையில் வீரியம் நாளுக்கு நாள் குறையும் என்பதால் நான் 20 கிராம் எடுக்கிறேன். இதையும் பொழுது சாய்ந்த பிறகே போடுகிறேன். நடுப்பகல் வெயிலில் காப்பு இல்லாத குளோரினில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள் சிதைந்துவிடும். காலையில் போட்டால் பிள்ளைகள் இறங்குவதற்குள் வெறும் தண்ணீர்தான்.

அந்தக் காப்புக்காகத்தான் நீச்சல்குளக்காரர்கள் டி.சி.சி.ஏ. மாத்திரை போடுகிறார்கள். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் அது பிடித்து வைக்கும். பெரிய குளத்துக்கு நல்ல மருந்து. 2,500 லிட்டருக்கோ, 200 கிராம் மாத்திரை ஒன்றே ஒன்று முழுதாகக் கரைந்தால் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் சயனூரிக் அமிலம் சேர்ந்துவிடும். 30 முதல் 50 வரை இருப்பதே நல்லது. குளோரின் தீர்ந்தாலும் இந்த அமிலம் தண்ணீரிலேயே தங்கும். அடுத்தடுத்த மாத்திரைகளில் அது கூடிக்கொண்டே போய்க் குளோரினின் கையைக் கட்டிவிடும். தவிர, மாத்திரை கரையும் நீர் நல்ல புளிப்பு. மிதவையில் போட்டு விட்டால் காற்று அதைத் தொட்டியின் ஒரே ஓரத்துக்குத் தள்ளி, அங்கே தகட்டை அரிக்கும். ஆகவே ஒரு நிரப்புக்கு ஒரே மாத்திரை. அதையும் மிதவையில் இட்டு, தொட்டியின் நடுவில் கயிறு கட்டி நிறுத்துகிறேன். அதன்பின் பிளீச்சிங் தெளிவு மட்டும். இரண்டையும் ஒரே வாளியிலோ ஒரே கரண்டியிலோ கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும், தீயும் பிடிக்கும்.

பாசிக்கு மயில்துத்தம் போடச் சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லோரும் யோசனை சொல்வார்கள். தோட்டத்துக்குப் போர்டோ கலவை செய்ய வாங்கியது வீட்டில் இருக்கவும் இருக்கும். தயவுசெய்து வேண்டாம். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பாணியைப் போட்டதும் ஆணிமேல் செம்பு படிந்தது நினைவிருக்கும். தொட்டியிலும் அதேதான் நடக்கும். துத்தநாகம் கரைந்து வெளியேற, செம்பு அந்த இடத்தில் உட்காரும். உட்கார்ந்த செம்புப் பொட்டைச் சுற்றி அரிப்பு இன்னும் வேகமாகும். உப்பைக் கரைத்து மின்சாரத்தில் குளோரின் உண்டாக்கும் கருவியையும் இதே தகட்டைக் கருதித்தான் நான் வாங்கவில்லை.

இனி கருவிகள். நான் முதலில் வாங்கியது பேனா வடிவ டிஜிட்டல் பிஎச் மானி. பெட்டியோடு வந்த தூள் பொட்டலங்களைக் கரைத்து அளவு திருத்திக்கொண்டால் முதல் இரண்டு மாதம் நம்பிக்கையாகக் காட்டியது. அதற்குமேல் வாரத்துக்கு வாரம் விலகியது. முனையை உலரவிட்டால் இன்னும் மோசம். இப்போது நான் நம்புவது சொட்டு மருந்துப் பெட்டியைத்தான். ஒரு குழாயில் பிஎச்சுக்குச் சிவப்பு, இன்னொன்றில் குளோரினுக்கு மஞ்சள். நம் ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர் குளோரோஸ்கோப்பில் பார்ப்பாரே, அதே மஞ்சள். கண்ணால் நிறம் ஒப்பிடுவதால் துல்லியம் குறைவுதான், ஆனால் இந்த வேலைக்குப் போதும். மருந்துப் புட்டியை வெயிலில் வைக்காமல் இருந்தால் ஒரு பருவம் முழுக்க வரும். இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைந்த விலைப் பொருள் இதுதான். முதலில் வாங்க வேண்டியதும் இதுதான்.

பிஎச் ஏன் முக்கியம் என்றால், 7.5-இல் குளோரினின் பாதி வீரியத்தோடு இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குதான். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் தொட்டியில் விழும்போது 7.4 காட்டும். கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்து போகப்போக, நான் எதுவுமே போடாமல் நான்கே நாளில் 8.2 ஆகிவிடும். பிளீச்சிங் பவுடர் அதை இன்னும் ஏற்றும். குறைக்க நினைத்துக் குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் அது துத்தநாகத்தை அப்படியே கரைத்துவிடும். தூளாக வரும் சோடியம் பைசல்பேட்டை வாளித் தண்ணீரில் கரைத்து, பம்ப் ஓடும்போது நடுவில் சிறிது சிறிதாக விடுகிறேன். 7.4-க்குக் கீழே இறங்கவிடுவதில்லை.

வடிகட்டி பம்ப் காற்றடைத்த குளங்களுக்கென்று விற்கும் ரகம்: மடிப்புத் தாள் கார்ட்ரிட்ஜ் உள்ளே, இரண்டு ஹோஸ் வெளியே. மணிக்கு 2,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. 20 லிட்டர் வாளி வைத்து அளந்தேன். புதுக் கார்ட்ரிட்ஜில் 40 வினாடி, அதாவது மணிக்கு 1,800 லிட்டர். இரண்டு வாரம் கழுவாமல் விட்டபோது 70 வினாடி, ஆயிரம் லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். கரும்பு வெட்டு முடிந்து சோகை கொளுத்தும் நாட்களில் கருஞ்சாம்பல் பறந்து வந்து நீர்மேல் உட்காரும். அப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டியிருந்தது. மற்ற நாட்களில் வாரம் ஒருமுறை. டைமர் போட்டு தினமும் மூன்று மணி நேரம் ஓட்டுகிறேன். கார்ட்ரிட்ஜ் சுத்தமாக இருந்தால் தொட்டித் தண்ணீர் இரண்டு முறையாவது வடிகட்டப்பட்டு விடுகிறது. சத்தம் மின்விசிறி அளவுதான். ஹோஸ்தான் பலவீனம். ஒரே கோடையில் வெயில் அதை மொடமொடப்பாக்கி இணைப்பில் கசியவைத்தது. இப்போது சணல் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன்.

இந்தப் பம்புக்காகத் தொட்டியின் பக்கத்தில் இரண்டு துளை போட்டேன். இன்னொரு முறை செய்ய மாட்டேன். ரம்பம் அறுத்த விளிம்பில் வெறும் இரும்பு வெளியே தெரிகிறது. இரண்டே மாதத்தில் வாஷருக்குக் கீழிருந்து துருநீர் வடிந்தது. கழற்றி, அரம் போட்டு, துத்தநாகப் பெயிண்ட் அடித்து, புது வாஷர் வைத்து மூட வேண்டியிருந்தது. ஹோஸை விளிம்புக்கு மேலாகவே உள்ளே விட்டு, காற்று நீக்கித் தண்ணீர் நிரப்பித் தொடங்கினால், பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை வேலை செய்யும். தினமும் கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் தகடு முழுதாக இருக்கும்.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பம்ப் 230 வோல்ட்டில் ஓடுகிறது. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் இணைக்கவே கூடாது. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது பிளக்கையே உருவி வைத்துவிடுகிறேன். கையில் பிடித்து இயக்கும் சார்ஜர் வேக்குவத்தையும் வாங்கிப் பார்த்தேன். வேப்பிலையை அள்ளுகிறது, செம்மண் தூள் அதன் வலையைத் தாண்டித் திரும்பத் தண்ணீருக்கே வருகிறது. பழைய வேட்டித் துணியை வட்டக் கம்பியில் கட்டி நான் செய்த அரிப்பு அதைவிட நன்றாகப் பிடிக்கிறது.

மூடிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் தெரியவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நம் தொட்டி மாதிரி தெளிந்த நீர்தான் வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டையை அது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும், அது மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு கிடக்கும். பிள்ளைகள் குளிக்கும் அளவுக் குளோரின் புழுவைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. எனவே வாரம் ஒருமுறை நீர்க்கோட்டை மெத்தென்ற ஸ்பாஞ்சால் துடைப்பதும், இரவில் வலைத்துணியை இழுத்து எலாஸ்டிக் போட்டு மூடுவதும் தவறுவதில்லை. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாக டிரம் பார்த்து வரும்போது எங்கள் தொட்டியையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் வலை மட்டும் போதாது. ஆள் ஏறினாலும் தாங்கும் மூடியும், குளித்து முடித்ததும் எடுத்து வைத்துவிடும் ஏணியும் வேண்டும். ஒன்றே முக்கால் அடி நீர் ஒரு குழந்தைக்கு ஆழம்தான்.

இத்தனை வேலை எதற்கு, வாரம் ஒருமுறை தண்ணீரைத் திறந்துவிட்டு நிரப்பினால் ஆகாதா என்று மாமா கேட்டார். இரண்டு காரணம் சொன்னேன். ஒன்று, 2019 வறட்சியில் நம் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளிலிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுத்துப் போனதை அவரே பார்த்திருக்கிறார். வாரம் 2,500 லிட்டரைக் கொட்ட எனக்கு மனம் வராது. இரண்டு, குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீர் ஒரு வாரத்துக்குக்கூட ஆபத்தில்லாதது அல்ல. 2024-இல் கேரளத்தில் சில குழந்தைகளின் உயிரைப் பறித்த மூளைதின்னி அமீபா மூக்கு வழியே ஏறுவது அப்படிப்பட்ட நீரிலிருந்துதான். மாமா அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த ஓராண்டில் தொட்டியை மூன்று முறை மட்டுமே காலி செய்தேன். இரண்டு நாள் குளோரின் போடாமல் வெயிலில் திறந்து வைத்து, சொட்டு மருந்தில் மஞ்சள் நிறம் வராததைப் பார்த்தபின், ஹோஸ் வழியாகத் தென்னைக்கு விட்டேன். அடுத்தது புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன். அன்று தொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். செங்கல் மேடைமேல் ரப்பர் விரித்துத்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் ஈரம் எங்கே தங்கியிருக்கும் என்று மேலிருந்து தெரியாது. துத்தநாகப் பெயிண்டில் அரை டப்பா மிச்சம் இருக்கிறது.