வட்டமும் பரிதியும்: தமிழ் – தெலுங்கு மொழிபெயர்ப்பில் வட்டச் சொற்கள்

1. முன்னுரை

திருத்தணியிலிருந்து நகரி வழியாகப் புத்தூர் செல்லும் சாலை, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் நிலப்பகுதியினூடே செல்கிறது. 1960 வரை திருத்தணி, புத்தூர் ஆகிய இரண்டும் சித்தூர் மாவட்டத்தின் தாலூக்காக்களாக இருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. புத்தூர் ஆந்திரப் பிரதேசத்தில் நின்றது. இன்று முன்னது வட்டம் எனவும் பின்னது மண்டலம் எனவும் வழங்கும். இரண்டும் வட்ட வடிவைக் குறித்த சொற்களே. எனினும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் நில ஆவணத்தின் பொருளே மாறும்.

இரு மொழிகளிலும் ஒரே வடிவில் வழங்கும் சொல்லை அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கம் எல்லைப்புற மொழிபெயர்ப்பாளரிடம் மிகுதி. வட்டம் தொடர்பான சொற்களைக் கொண்டு அவ்வழக்கத்தின் தகுதி ஈண்டு மதிப்பிடப்படுகிறது.

2. மூவகைப் பொருள்

வட்டச் சொற்களின் பொருளை மூன்றாகப் பகுக்கலாம். சூழ்ந்து செல்லும் கோடு ஒன்று. அக்கோட்டினுள் அடங்கும் பரப்பு மற்றொன்று. தொடங்கிய இடத்திற்கே மீளும் சுழற்சி இன்னொன்று. தமிழில் 'வட்டம்' மூன்றையும் தாங்குகிறது. 'வட்டத்தின் மீது ஒரு புள்ளி' என்பதில் அது கோடு. 'வட்டத்தின் பரப்பு' என்பதில் உள்ளிடம். 'இந்த வட்டம் விட்டுவிடுகிறேன்' என்னும் பேச்சு வழக்கில் அது தடவை, அதாவது சுழற்சி. வருவாய் அலகைக் குறிக்கும் 'வட்டம்' இரண்டாம் வகையின் விரிவு. பிற மொழிச் சொற்கள் இம்மூன்றையும் இதே முறையில் பகிர்ந்துகொள்வதில்லை. சிக்கல் இங்குத் தோன்றுகிறது.

3. மண்டலம்

புத்தூர் உள்ளிட்ட நிலம் பண்டு தொண்டை மண்டலத்தின் பகுதி. அங்கு மண்டலம் என்பது பெருநாடு. 1985-இல் ஆந்திரப் பிரதேசத்தில் தாலூக்கா முறை நீக்கப்பட்டு, 1,100-க்கு மேற்பட்ட மண்டலங்கள் அமைக்கப்பட்டபோது, அதே சொல் தாலூக்காவினும் சிறிய அலகிற்குப் பெயராயிற்று. தமிழ்நாட்டிலோ மாநகராட்சிப் பகுதி, போக்குவரத்துக் கழகப் பிரிவு ஆகியவற்றை மண்டலம் என்பர்.

ஆகவே 'புத்தூரு மண்டலம்' என்னும் தெலுங்குத் தொடரைப் 'புத்தூர் வட்டம்' எனப் பெயர்ப்பது பிழை. பழைய ஆவணத்தின் புத்தூர் தாலூக்காவும் இன்றைய மண்டலமும் ஒரே பரப்புடையன அல்ல. 'மண்டலம்' என்றே விடுவதும் போதாது. தமிழ்நாட்டு வாசகர் அதனைப் பெரும்பகுதி எனக் கருத இடமுண்டு. முதல் வருகையில் 'மண்டலம் என்னும் வருவாய் அலகு' என விளக்கி, பின்னர் அச்சொல்லை ஆள்வதே தக்கது. 2022 ஏப்ரல் 4 முதல் புத்தூர் திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ளமையால், மாவட்டப் பெயரையும் ஆவணத்தின் ஆண்டை நோக்கியே எழுத வேண்டும்.

மண்டலத்திற்குக் காலப் பொருளும் உண்டு. தமிழ் மருத்துவ வழக்கில் ஒரு மண்டலம் பெரிதும் 48 நாள். தெலுங்கு வழக்கில் 40 அல்லது 41 நாள். மருந்துண்ணும் காலத்தைக் கூறும் குறிப்பில் சொல் மாறாதிருக்க, நாள் மட்டும் மாறிவிடும். மூல நூல் கருதிய எண்ணை அறிந்து எழுதுவதே மொழிபெயர்ப்பாளர் கடமை.

4. பரிதி

சூழ வைக்கப்பட்டது என்னும் பொருளுடைய வடசொல் 'பரிதி'. வேலி, ஒளிவட்டம், வட்டத்தின் எல்லைக்கோடு என அங்கு அது விரிந்தது. தமிழ் இலக்கிய வழக்கில் அது ஞாயிற்றையே குறித்தது. சூரியநாராயண சாஸ்திரியார் தம் பெயரைத் தமிழாக்கியபோது 'சூரிய' என்பது 'பரிதி' ஆயிற்று. தெலுங்கிலோ அச்சொல் எல்லைக்கோட்டிலிருந்து அதிகார எல்லைக்குப் பெயர்ந்தது. காவல் நிலையத்தின் 'பரிதி' என்று தெலுங்கில் வருமிடத்தில் தமிழில் 'எல்லை' என்றே எழுத வேண்டும்.

கணிதத்தில் நிலை வேறு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வட்டத்திற்குப் பரிதியும் பிற உருவங்களுக்குச் சுற்றளவும் ஆள்கின்றன. தெலுங்கிலும் 'பரிதி', 'சுட்டுகொலத' என்னும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் முக்கோணத்திற்கும் வட்டத்திற்கும் சுற்றளவு என்னும் ஒரு சொல்லே பெரிதும் வழங்குகிறது. நீளத்தைக் கூறுமிடத்தில் இதனால் இழப்பில்லை. ஆயின் கோட்டையே சுட்டுமிடத்தில் 'சுற்றளவின் மீது ஒரு புள்ளி' என்பது பொருந்தாது. அளவின் மீது புள்ளி அமையாது. 'பரிதியின் மீது' என்பதே அங்குப் பொருந்தும். வடசொல் என்பதற்காக அதனை விலக்கினால் தேவையான ஒரு வேறுபாடு மறையும்.

5. சுற்று

தமிழ் 'ற்ற' தெலுங்கில் 'ட்ட' ஆதல் முறையான ஒலியியைபு: பற்று – பட்டு, புற்று – புட்ட, சுற்று – சுட்டு. 'சுற்றளவு', 'சுட்டுகொலத' ஆகிய இரண்டும் உறுப்புக்கு உறுப்பு ஒத்தவை. எலும்பு முறிவு மருத்துவத்தால் பெயர்பெற்ற 'புத்தூர்க் கட்டு' இரு மொழியிலும் கட்டு என்றே வழங்கும். கட்டும் துணியை மூன்று சுற்று என்பதும் 'மூடு சுட்லு' என்பதும் ஒரே எண்ணிக்கை. இங்கு ஒலி வேறுபட்டும் பொருள் ஒத்து நிற்கிறது.

6. முடிவுரை

ஆராய்ந்த சொற்களுள் ஒலி ஒத்தவை பொருளில் விலகியும், ஒலி வேறுபட்டவை பொருளில் இணைந்தும் உள்ளன. எனவே வடிவ ஒப்புமையைப் பொருள் ஒப்புமைக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் ஏற்புடையதன்று. எல்லைப்புற வழக்குக்கான சொல்லடைவுகள், ஒவ்வொரு வட்டச் சொல்லுக்கும் கோடு, பரப்பு, சுழற்சி என்னும் பொருள் வகையையும், வழங்கும் துறையையும், ஆட்சிச் சொல்லாயின் அது நடைமுறைக்கு வந்த ஆண்டையும் சுட்டுதல் வேண்டும். சொல்லுக்குச் சொல் இணை தரும் பட்டியல் இத்தேவையை நிறைவு செய்யாது.