கிளியலகு மலையும் எழுத்தின் உரிமையும்

சீன எழுத்து முழுவதும் ஓவியமே என்றும், ஒவ்வோர் எழுத்தினுள்ளும் ஒரு தத்துவம் மறைந்துள்ளதென்றும் வியந்துரைப்போர் நம்மிடையே உளர். இக்கூற்றைச் சோதிக்க நாம் சீனம் வரை செல்ல வேண்டியதில்லை. ஊவாவின் நமுனுகுல மலையே போதும்.

1405 முதல் 1433 வரை செங் ஹோவின் தலைமையில் சீனக் கப்பற்படை ஏழு முறை மேலைக் கடல்களுக்குப் புறப்பட்டது. அப்படையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய மா ஹுவான், கிழக்கிலிருந்து இலங்கையை நெருங்குகையில் தென்படும் மலையொன்றைக் 'கிளியலகு மலை' என எழுதிவைத்தார். அது நமுனுகுலவே என்பது, அவர் நூலை 1970இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மில்ஸின் முடிவு. சிங்களத்தில் இம்மலை 'ஒன்பது சிகரம்' எனப் பொருள்படும்.

சீனப் பெயரைப் பிரித்து நோக்குவோம். மலைக்குரிய எழுத்து மூன்று சிகரங்களின் கோட்டுருவம், இது ஓவியந்தான். கிளிக்குரிய எழுத்திலோ பறவைக்குறி இனத்தை மட்டுமே உணர்த்த, மற்றப் பகுதி ஒலியைச் சுட்டுகிறது. அலகுக்குரிய எழுத்திலும் ஒருபுறம் வாய்க்குறி, மறுபுறம் ஒலிக்குறி. கி.பி. 100இல் ஷூ ஷென் தொகுத்த அகராதியின் 9,353 எழுத்துக்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே. ஓவியமாய்ப் பிறந்த எழுத்து, மக்களின் பேச்சொலியைத் தழுவியே வளர்ந்தது. இதில் மறைபொருள் எங்கே?

நான்கு கண்களுடைய சாங் ஜியே என்பவர் எழுத்தைப் படைத்தார் என்பது பழங்கதை. 1899இல் அறிஞர் கவனத்துக்கு வந்த ஷாங் காலத்து எலும்பெழுத்துக்கள் வேறு வரலாறு கூறுகின்றன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன், மழையையும் விளைச்சலையும் போரையும் பற்றி அரசர் குறிகேட்ட கேள்விகள் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் பொறிக்கப்பட்டன. விளைச்சலைத் தந்த உழவன் கையில் அவ்வெழுத்து இருக்கவில்லை.

அக்கொடுமை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்ததை லூ சுன் காட்டினார். அவரது ஆ க்யூ கையொப்பமிட அறியாதவன். தன் அழிவுக்கான தாளில் வட்டம் வரைகிறான், அதுவும் கோணிப்போகிறது. 1956இல் சீன அரசு எழுத்துக்களை எளிமையாக்க முற்பட்டதன் தேவையை இக்காட்சி விளக்கும்.

ஆ க்யூவின் வட்டத்துக்கும் நம் தோட்டத் தொழிலாளியின் கைநாட்டுக்கும் தூரம் அதிகமில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட அம்மக்களிடமே, 1948இன் குடியுரிமைச் சட்டம் பரம்பரைப் பிறப்புக்குச் சான்று கேட்டது. தாள் இல்லாதோர் நாடற்றோராயினர். கடலிலிருந்து மலையைக் கண்டவர் அதற்குப் பெயரெழுதினர். மலையிற் கொழுந்து பறித்தவர் தம் பெயரையே எழுத வழியின்றி நின்றனர்.

இன்று அம்மலைச் சரிவுகளிலிருந்து ஆசிரியரும் எழுத்தாளரும் தோன்றியுள்ளனர். எழுத்தின் தோற்றத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அது எவர் கையில் இருந்தது, எவர் கைக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அதனை விடுத்து எழுத்தின் அழகை மட்டும் வியப்பது அரைக் கல்வியே.