எக்கோ சவுண்டர் காட்டும் ஆழமும் மேட்டூர் வண்டலும்

ஏரியூர்ப் பக்கம் நாகமரையில் நின்றால் எதிர்க்கரையில் பண்ணவாடி. நடுவில் மேட்டூர் அணையின் தண்ணீர். 1934-இல் கட்டி முடித்த அணை; முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இத்தனை வருஷமா காவிரி கொண்டுவந்த வண்டல் அதில் எவ்வளவு இடத்தைப் பிடிச்சிருக்குன்னு தெரியணும்னா, அடியை அளந்துதான் ஆகணும்.

இப்போ அதுக்குக் கையில் தூக்கிட்டுப் போற எக்கோ சவுண்டர் இருக்கு. படகில் கட்டி, ஜி.பி.எஸ். சேர்த்து ஓட்டினால் போதும். ஒலி அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். கருவி நல்ல கருவிதான். அது காட்டும் சென்டிமீட்டரை அப்படியே நம்புறதுதான் எனக்கு உறுத்துது.

முதலில், ஒலியின் வேகம். 30 டிகிரி நன்னீரில் அது நொடிக்குச் சுமார் 1509 மீட்டர். கருவியில் 1500 என்று வைத்திருந்தால் 5 மீட்டர் ஆழத்தில் பிழை 3 செ.மீ. தான். ஆனால் உணரி நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்குன்னு தப்பாகக் கொடுத்தால் 10 செ.மீ. சுலபமாகப் போயிடும். சின்னத் தப்புதானேன்னு விட முடியாது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு அது 1 லட்சம் கன மீட்டர் வண்டல்!

அடுத்தது, எது 'அடி'? 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி பெரும்பாலும் இளஞ்சேற்றின் மேல்பரப்பிலேயே திரும்பிடும். குறைந்த அதிர்வெண் உள்ளே இறங்கும். இரண்டும் இரண்டு ஆழம் சொல்லும். இரண்டுமே பொய் இல்லை.

மூன்றாவது, இடைவெளி. 20 டிகிரி ஒலிக்கற்றை 5 மீட்டர் ஆழத்தில் பார்ப்பது 1.75 மீட்டர் அகலம்தான். 50 மீட்டருக்கு ஒரு கோடு ஓட்டினால் மிச்சத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புது. தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுமே? இரண்டு கோடுகளுக்கு நடுவில் அவை இருந்தால் வரைபடத்தில் வெறும் சமதரைதான்.

2017-இல் மேட்டூரில் தூர்வாரத் தொடங்கினாங்க. எவ்வளவு அள்ளணும், எவ்வளவு அள்ளியாச்சு என்ற கணக்கெல்லாம் இந்த எண்களில்தான் நிற்குது. அதனால் வண்ண வரைபடத்தைப் பார்த்து அசந்துடாதீங்க. உணரிக்குக் கீழே தெரிந்த ஆழத்தில் தகடு இறக்கிச் சரிபார்த்தாங்களா, எந்த அதிர்வெண், கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம், அன்றைய அணை மட்டம் என்னன்னு கேளுங்க. ஆழம் குறைந்த இடத்தில் பரிசல்காரர் கையில் இருக்கும் மூங்கிலையும் ஒருதடவை ஊன்றிப் பார்க்கலாம். சேறு எங்கே முடிஞ்சு கெட்டித்தரை எங்கே தொடங்குதுன்னு அதுக்குத் தெரியும்.