தக்கையைப் பார்த்தவன் ஆற்றைப் பார்த்தானா?

தூண்டில் பிடித்தால் மனம் அடங்கும் என்று சொல்லும் புத்தகங்கள் ஆங்கிலத்தில் ஓர் அலமாரி நிறைய உண்டு. பெரும்பாலும் ஃப்ளை ஃபிஷிங் பற்றியவை. அதில் புழுவோ மாவோ கிடையாது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லாததால், கனமான நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, நூலின் கனத்திலேயே பூச்சியைத் தண்ணீரில் இறக்க வேண்டும். மணிக்கணக்கில் இப்படி வீசுகிறவருக்குக் கவலை மறந்துபோகிறது, ஆறு புரிகிறது, கடைசியில் தன்னையே புரிந்துகொள்கிறார் என்பது வாதம். இந்த வாதத்தைத் தாமிரபரணியின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கொண்டுவந்து உரசிப் பார்க்கலாம்.

இங்கே பொய்ப்பூச்சிக்கு வேலை இல்லை. அந்தக் கலைக்கே பேர்போன டிரவுட் மீன் குளிர்ந்த நீரில்தான் பிழைக்கும்; கீழத் தாமிரபரணியின் சித்திரை வெயிலில் ஒரு நாள் தாங்காது. இங்கே இருப்பது மூங்கில் கம்பு, தங்கூசி, தக்கை, மண்புழு. கிடைப்பது கெண்டை, கெளுத்தி, ஜிலேபி; அதிர்ஷ்டம் இருந்தால் விரால். இதை மட்டமான முறை என்று சீமைத் துரைமார் நினைத்திருக்கலாம். ஆனால் தூண்டிலைத் தியானமாக்கிய மூலநூலான ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' 1653-இல் வெளிவந்தபோது, வால்டன் பெரும்பாலும் புழுவும் தக்கையும் போடுகிறவர். பொய்ப்பூச்சியைப் பற்றிய பெரிய பகுதியை அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் 1676 பதிப்பில்தான் சேர்த்தார். ஆகவே அணைக்கட்டுச் சுவரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் வால்டனுக்கு ஒன்றும் தூரத்து உறவில்லை.

அமைதி கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காரணமும் எளிது. தக்கை அசைகிறதா என்று பார்க்கிற கண்ணால் வேறொன்றைப் பார்க்க முடியாது. கண் கட்டுப்பட்டால் மனமும் கொஞ்சம் கட்டுப்படும். ஆறு புரிகிறது என்பதும் ஓரளவு மெய். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இது. மற்ற ஏழும் பழையவை, இது மட்டும் வெள்ளைக்காரர் காலத்தில், 1873-இல் முடிந்தது. மேலே பாபநாசத்தில் கார், பிசான நெல் பருவங்களுக்குத் தண்ணீர் திறப்பதும் நிறுத்துவதும் கடைசி அணையில் மீனின் போக்கை மாற்றும். விரைவு நீரும் நிதான நீரும் உரசும் கோட்டில் கெண்டை நிற்கும், அமலைச்செடி ஓரத்தில் விரால் மூச்செடுக்க மேலே வரும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்து வருகிற அறிவு அல்ல.

ஆனால் அறிவு வேறு, இரக்கம் வேறு. விராலின் குஞ்சுகள் செந்நிறமாகக் கூட்டம் கூட்டமாக நீரின் மேற்பரப்பில் திரியும். அடியில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கும். விவரம் தெரிந்தவர் அந்தச் செம்புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே இரையை இறக்குவார். விரால் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காப்பதற்காக. மீனை இவ்வளவு நெருக்கமாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை. அந்தப் புரிதலே அதற்கு எமனாகிறது. புரிதல் அமைதிக்கும் அன்புக்கும் தானாகவே கொண்டுபோகும் என்று நம்புகிற நூல்கள் இந்த இடத்தில் வழுக்குகின்றன.

நம் மரபு இந்த விஷயத்தில் முன்பே உஷாராக இருந்திருக்கிறது. அசையாமல் காத்திருக்கும் கொக்கை மூதுரையும் குறளும் காட்டுகின்றன, ஆனால் ஞானியாக அல்ல. காலம் பார்த்துக் குத்தத் தெரிந்த வேட்டைக்காரனாக. சூது அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் தூண்டிலைப் பார்ப்பதோ மீனின் பக்கமிருந்து: சூதில் வரும் வெற்றி, முள்ளை இரை என்று மீன் விழுங்கியது போல. கம்பு பிடித்த கையின் நிம்மதி அவருக்குப் பொருட்டே இல்லை. அமைதிக்காக உட்காருவதுதான் நோக்கம் என்றால், இதே ஆற்றங்கரையில் சற்றுக் கிழக்கே ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் புளியமரத்தடியில் 16 ஆண்டு பேசாமல் இருந்ததாக ஐதிகம். அவர் கையில் கம்பு இல்லை.

இந்த உறுத்தலுக்கு மேல்நாட்டார் கண்ட பரிகாரம், பிடித்து விட்டுவிடுவது. மீனைப் படமெடுத்து, முள்ளைக் கழற்றி, ஆற்றிலேயே விடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடைய குழுவினரும் ரெயின்போ டிரவுட்டின் முகத்தில் காயத்தை உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அது நமக்குத் தெரிகிற வலிதானா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஸ்விட்சர்லாந்து சண்டை முடியும்வரை காத்திருக்கவில்லை. விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதை அங்கே சட்டம் தடுக்கிறது. உண்பதற்குப் பிடி, விளையாட்டுக்குப் பிடிக்காதே என்பது அங்கத்திய நியாயம். அந்த நியாயப்படி, நாலு கெளுத்தியைத் தென்னை ஈர்க்கில் கோத்து வீட்டுக்குக் குழம்புக்குக் கொண்டுபோகிறவர், முத்தமிட்டு விட்டுவிடுகிறவரைவிட நேர்மையானவர். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் கோடையில் ஆறு வற்றி, மடுக்களில் மீன் சிறைப்பட்டுக் கிடக்கும்போது போடுகிற தூண்டிலுக்கு அந்த நேர்மையும் கிடையாது.

யாருடைய அமைதி என்றும் கேட்க வேண்டும். படித்துறையில் துணி துவைக்கிற பெண்ணும் அதே நீரில்தான் மணிக்கணக்கில் நிற்கிறார்; அதற்கு யாரும் தியானம் என்று பேர் வைக்கவில்லை.

தூண்டில் தியான வாதத்தில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வால்டன் மன்னர் கட்சிக்காரர். 1649-இல் முதலாம் சார்லஸின் தலை போன பிறகு, தோற்ற கட்சியில் இருந்துகொண்டு எழுதிய நூல் அது. நாடு எரிகிறது, நாம் ஓடைக்குப் போவோம் என்கிற ஒதுங்கலின் சுவை அதில் இருக்கிறது. ஒதுங்கியவனுக்குத் தக்கையைச் சுற்றிய பத்தடி நீர் போதும். ஆனால் ஆறு பத்தடி அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் பயணிகளோடு சிக்கி நின்றது. மேலே உடையும் குளம், அணையில் படிந்த மண், தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி கேலன் எடுக்க வந்த திட்டம், 2015-இல் பசுமைத் தீர்ப்பாய உத்தரவோடு தொடங்கிய தூர்வாரலும் அதில் மணலுக்காக எழுந்த பூசலும், எதுவும் தக்கையில் தெரியாது.

நீலகிரியில் கதை இன்னும் ஒரு படி மேலே போனது. சொந்த ஊர் ஆற்றின் ஏக்கத்தில் துரைமார் அங்குள்ள ஓடைகளையே மாற்றினார்கள். 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு வில்சன் என்பவர் வென்றார். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. தன் மன அமைதிக்காக ஓர் அயல் வேட்டைமீனை மலையோடையில் விட்டவர், அந்த ஓடையின் சொந்த மீன்களைப் பற்றி எவ்வளவு யோசித்திருப்பார்?

இருந்தும் நான் தூண்டிலைத் தள்ளிவிடத் தயாராக இல்லை. அணைக்கட்டு முடிந்த அதே 1873-இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' நூலை வெளியிட்ட ஹென்றி சல்லிவன் தாமஸ், சென்னை மாகாண அதிகாரி, தூண்டில் பித்தர். மீன்வளம் அழிவதைப் பற்றி அரசுக்கு முன்கூட்டியே எழுதியவரும் அவர்தான். வெடியும் நஞ்சும் போட்டு மீன் பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. காவிரியில் காலிபோர் என்ற தூண்டில் முகாமுக்கு வந்தவர்கள் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மகசீர் மீன்களின் கணக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் ஏட்ரியன் பிண்டரும் ராஜீவ் ராகவனும் மற்றவர்களும் அதை ஆராய்ந்தபோதுதான், திமில் மகசீர் அருகிக்கொண்டே போக, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகிய கதை எண்களில் தெரிந்தது. திமில் மகசீர் இன்று மிகவும் அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அந்த முகாமில் எத்தனை பேர் மன அமைதி அடைந்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மீன் கணக்கு மட்டும் மிஞ்சியது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆப்பிரிக்க மீனான, 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி இன்று வலையிலும் தூண்டிலிலும் சாதாரணமாக அகப்படுகிறது. ஒரு காலை நேரத்தில் எத்தனை ஜிலேபி, எத்தனை நாட்டுக் கெண்டை, தண்ணீர் எந்தப் படி வரை நின்றது என்று நாற்பது பக்க நோட்டில் நாலு பேர் நாலைந்து வருஷம் எழுதினால் போதும். ஆலைக்கு எவ்வளவு, வாய்க்காலுக்கு எவ்வளவு என்று அடுத்த வழக்கு வரும்போது, மீனின் தரப்பிலும் ஒரு தாளை நீட்டலாம்.