எட்டாம் அலகின் அழகு

பி.காம். படிக்கிறவருக்கும் தமிழ் இலக்கியம் படிக்கிறவருக்கும் கல்லூரியில் பொதுவாக ஒரு பாடம் உண்டு: சுற்றுச்சூழல் கல்வி. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுதான் இதற்கு வித்து. பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென எட்டு அலகுகள் கொண்ட 50 மணி நேரப் பாடத்திட்டத்தை வகுத்தது. முதல் ஏழும் வகுப்பறைக்குள். எட்டாவது களப்பணி. பக்கத்து ஆற்றையோ குளத்தையோ மலையையோ போய்ப் பார்க்க வேண்டும். அங்குள்ள செடி, பூச்சி, பறவைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, வெறும் ஐந்து மணி நேரம். மதிப்பெண்ணிலோ 100-க்கு 25.

அந்த 25-ஐ சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியே வாங்கிவிடலாம். பலரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை நடத்தத் தெரிந்த ஆசிரியர் வாய்த்துவிட்டால், பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல கச்சேரி கேட்பது போல. அவர் நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளராகவும் இருக்கலாம். அரசுக் கல்லூரிகளில் பல வகுப்புகள் அவர்களை நம்பித்தானே நடக்கின்றன!

இந்தக் கலைக்குத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டியைப் போல மேடை அமைவது அபூர்வம். ஊரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. தென்மேற்கே சேர்வராயன் மலை. அங்கே பிறந்து வரும் வாணியாறு, அடிவாரத்தில் 65 அடி அணைக்குள் தேங்கி நிற்கிறது. கிழக்கே சித்தேரி மலை. நடுவே மரவள்ளி, மஞ்சள், தென்னை. மலை, நீர், வயல் மூன்றையும் பார்க்க டவுன் பஸ் போதும்.

முதல் உருப்படி வகுப்பிலேயே தொடங்கலாம். தருமபுரிப் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு சட்டி நிறைய எண்ணாமல் கொட்டிக்கொள்ள வேண்டும். அதில் 50 கொட்டைகளை எடுத்து வெள்ளைப் பெயின்ட் பூசி, காய்ந்ததும் திரும்பப் போட்டு நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு ஒரு மாணவி கண்ணை மூடிக்கொண்டு 40 எடுக்கிறார். அதில் 10 வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒன்று வெள்ளை என்றால், 50 வெள்ளை கிடக்கும் சட்டியில் மொத்தம் சுமார் 200. காட்டிலும் நீரிலும் உயிரினங்களைக் கணக்கிட உதவும் லிங்கன்–பீட்டர்சன் முறை இதுதான். மாதிரி எடுத்துச் சரிபார்க்கும் தணிக்கை முறையைப் படித்த வணிகவியல் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

கைதேர்ந்த ஆசிரியர் அதோடு நிறுத்த மாட்டார். குறி போட்ட மீன் செத்துப்போனால்? அணை திறந்து பாதி மீன் ஆற்றோடு போய்விட்டால்? கேள்வியைப் போட்டுவிட்டு அவர் பேசாமல் இருக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பாடம் நடக்கிறது.

இரண்டாவது உருப்படி அணைக்கரையில். ஓரிடத்தில் பத்து நிமிடம் பேசாமல் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எல்லாம் குறிக்கச் சொல்வார். மண் நிறத்தில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்கும் குருட்டுக் கொக்கு முதலில் யார் கண்ணிலும் படாது. அது எழுந்து பறந்தால் வெள்ளைச் சிறகு பளிச்சென்று விரியும். பத்தடி தூரத்தில் இருந்தும் பார்க்கவில்லையே என்று வகுப்பே வாய் பிளக்கும். நோட்டில் பூஜ்யம் என்று எழுதியதால் அந்த உயிரினம் அங்கே இல்லை என்றாகிவிடாது. புள்ளியியலில் பல பக்கம் ஓடும் இந்தச் சங்கதியை ஒரு கொக்கு ஒரே பறப்பில் சொல்லி முடித்துவிடுகிறது.

மேலே சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் இன்னும் வியப்பு. ஏற்காட்டின் பெயரையே தாங்கிய சிறு பல்லி இனம் ஒன்று, நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ், அறிவியல் உலகுக்கு அறிமுகமானது 2000-இல்தான். இந்திரநீல் தாஸும் ஆரன் பாவரும் விவரித்த இனம் அது. சுற்றுலாப் பயணிகள் தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் மலையில், பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லிக்கு அதுவரை அறிவியல் பெயர் இல்லை. மலையடிவாரத்துப் பிள்ளைக்கு இதைச் சொன்னால், அடுத்த முறை ஏற்காடு போகும்போது கண் ஏரியை விட்டுப் பாறைப் பக்கம் திரும்பும்.

இத்தகைய கணக்கெடுப்புகளை நம்பி நிற்கும் பாதுகாப்பு உயிரியல் என்ற துறையே இளையது. அறுவை மருத்துவத்துக்கும் உடலியங்கியலுக்கும் உள்ள உறவுதான் இதற்கும் உயிரியலுக்கும் என்று அமெரிக்க அறிஞர் மைக்கேல் சூலே 1985-இல் எழுதினார். தகவல் முழுவதும் வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லாத துறை என்பது அவர் கருத்து. வேடிக்கை என்னவென்றால், மேற்சொன்ன பாடத்திட்டத்துக்குப் பாடநூல் எழுதிய புனேயின் ஈராச் பரூச்சா தொழிலால் அறுவை மருத்துவர்.

இந்த வித்தையைக் கற்பிக்கப் பட்டம் ஒன்றே தகுதியும் அல்ல. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளில் 13-ஐ இரண்டே வாரத்துக்குள் பிடித்தார்கள். தடம் பார்க்கும் அந்தப் பார்வைக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரைக் களப்பணிக்குக் கூட்டிவரும் ஆசிரியர், ஐந்து மணி நேரத்துக்குள் அத்தகைய ஒரு பார்வையைக் கொண்டுவந்துவிடுகிறார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் படித்தால் அந்த ரெக்கார்டு நோட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டுங்கள். ஒரு பறவையின் பெயரும், பார்த்த இடமும், மணியும் பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில் இருந்தால், அந்த ஆசிரியரைத் தேடிப்போய் ஒரு வார்த்தை பாராட்டிவிட்டு வாருங்கள்.